தோழர் பெயரறிந்த தாய்

மாரிஸ் ரோசன்பர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த 10 உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் பயின்றுகொண்டிருந்த 5,000-க்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடம் வினாத்தாள்களைக் கொடுத்து, அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கொண்டிருந்த மதிப்பை அளந்தறிய முற்பட்டபோது, அந்த மதிப்பின் வேர் இளம்பிராயத்து வீட்டு வாழ்க்கையில் எந்த மூலையில் ஊன்றியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் பொருட்டு அவர் கேட்ட கேள்விகளுள் சில, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு மிகவும் அற்பமானவையாகத் தோன்றக்கூடும். உனக்குப் பத்துப் பதினொரு வயதானபோது உன் தோழர்களில் பெரும்பாலோரை உன் தாயார் அறிந்திருந்தாரா? ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் நீ மதிப்பெண் அட்டையோடு வீட்டுக்கு வந்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? எல்லோரும் சேர்ந்து உண்ணும்போது நடக்கும் பேச்சில் நீயும் கலந்துகொள்வாயா, நீ சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார் உண்டா? குடும்பத்தின் அந்தஸ்து, மதம் முதலிய பெரிய விஷயங்களையெல்லாம் விசாரித்ததோடு நில்லாமல் இந்தச் சில்லறைக் கேள்விகளையும் சேர்த்துவைத்த அவருடைய சாமர்த்தியத்தை, 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலைப் படிப்பவர்கள் இன்றும் வியக்காமல் இருப்பதற்கில்லை. பெரிய விஷயங்கள் சொல்லாமல் விட்ட பலவற்றை இவையே சொல்லின.

மதிப்பெண் அட்டையைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். பாராட்டுப் பெற்ற பிள்ளைகளிடம் தன்மதிப்பு மிகுந்திருக்கும் என்பதும், வசவும் தண்டனையும் பெற்ற பிள்ளைகளிடம் அது குன்றியிருக்கும் என்பதும் எவரும் எதிர்பார்க்கக்கூடியவையே. ஆனால் அது எல்லோரையும்விடத் தாழ்ந்து கிடந்தது, அட்டையை நீட்டியபோது நல்லதோ பொல்லாததோ ஒரு வார்த்தையும் கேளாத பிள்ளைகளிடத்தில்தான். இதனால் வசவு நல்ல மருந்து என்று ஆகிவிடாது; ஆயினும் வைகிற தகப்பனாருக்குக்கூடப் பிள்ளையின் காரியம் தம் காரியமாக இருக்கிறது என்பதையும், அந்த அளவுக்கேனும் அப்பிள்ளை அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. நம் வீடுகளிலும், பள்ளி வாகனம் தெருமுனையில் ஒலி எழுப்புகிற காலை நேரத்தில், ராங்க் கார்டைக் கதவின்மேல் வைத்து ஒரு கிறுக்குக் கிறுக்கி, உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்காமலே, “போட்டாச்சு, ஓடு” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிற பெற்றோரை நாம் அறிவோம். அவர்கள் கொடியவர்கள் அல்லர், அவசரக்காரர்கள். எனினும் அந்த அட்டையைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையின் மனத்தில் அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் உள்ள பேதம் விளங்குமா என்பது சந்தேகந்தான். பிறர் நம்மை ஒரு பொருட்டாக எண்ணுகிறார்கள் என்ற உணர்வுக்குத் தனி ஸ்தானம் கொடுத்து, 1981-இல் ரோசன்பர்க் மீண்டும் ஆராயப் புகுந்ததற்கு இந்தப் பழைய விடைகளும் காரணமாயிருந்திருக்கலாம்.

ஓர் ஆட்சேபத்தை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் பத்தாம் வயதை நினைவுகூர்ந்து சொன்ன விடைகள் இவை. இன்று தன்னைத் தாழ்வாக நினைக்கிறவன் அன்றைய வீட்டையும் இருண்டதாகவே நினைவில் காணக்கூடும். இந்த ஐயம் ரோசன்பர்கின் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவற்றின் மேல் அதன் நிழல் படிந்திருக்கிறது.

அதே சந்தேகம் வேறொரு வகையிலும் எழுகிறது. தோழர்களின் பெயர்களைத் தாய் அறிந்திருப்பது அவளுடைய முயற்சியால் நேர்ந்ததா, பிள்ளையே வந்து சொன்னதால் நேர்ந்ததா? ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் இருவர் ஸ்வீடன் நாட்டில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இக்கேள்விக்குத் தந்த விடை, அதுவரையில் ‘பெற்றோரின் கண்காணிப்பு’ என்று பெயரிட்டு வந்த பொருளையே தலைகீழாக்கிவிட்டது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்துவைத்திருந்த வீடுகளில், அந்த அறிவு பெரும்பாலும் துருவித் துருவிக் கேட்டோ, தடைகள் விதித்தோ பெற்றதாக இருக்கவில்லை. பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னதனால் கிடைத்ததாக இருந்தது. பின்னர் 2010-இல் கெர் உள்ளிட்ட பலர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், சொன்ன விஷயத்துக்காக முகம் சுளிக்கப்பட்டும் கடிந்துகொள்ளப்பட்டும் அனுபவப்பட்ட பிள்ளைகள் நாளடைவில் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் தாங்கள் அடக்கி ஆளப்படுவதாக உணரத் தலைப்பட்டார்கள் என்பதும் தெரியவந்தது.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பருவத்தைத் தன்மதிப்பு விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் விசேஷமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதிய உளநூலில், ஒருவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசையால் வகுத்தால் கிடைக்கும் ஈவே அவனுடைய தன்மதிப்பு என்று கணக்கு வடிவில் சொல்லிவைத்தார். சார்லஸ் கூலி 1902-இல், பிறர் கண்ணில் நாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்று கற்பனை செய்துகொள்கிறோமோ அவ்வாறே நம்மை நாம் மதிக்கிறோம் என்று வாதித்தார். சிறு குழந்தைக்கு அப்படிப் பார்க்கிற கண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பன்னிரண்டாம் வயதிலோ, வகுப்புத் தோழர்கள், புதிய ஆசிரியர்கள், தெருவில் போகிற அறிமுகமற்றவர்கள் ஆகிய எல்லோருமே தன்னையே உற்றுப் பார்ப்பதாகத் தோன்றத் தொடங்குகிறது; இல்லாத அவையோர் முன் இடையறாது நடித்துக்கொண்டிருக்கும் இந்த மனநிலையை டேவிட் எல்கைண்ட் 1967-இல் விரித்துரைத்தார். முகத்தில் ஒரு பரு தோன்றினால் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பெண்ணின் துயரம் பெரியவர்களுக்கு நகைப்பாக இருந்தாலும், அவளுக்கு அது நிஜமான அவையும் நிஜமான அவமானமுமே ஆகும்.

இந்தத் தடுமாற்றமெல்லாம் உடல் வளர்ச்சியின் விளைவே என்று கருதுவோர்க்குப் பால்டிமோர் நகரத்தில் ராபர்ட்டா சிம்மன்ஸ், ரோசன்பர்க் முதலியோர் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தக்க மறுமொழி தருகிறது. ஒரே பன்னிரண்டு வயதினரில், ஆறாம் வகுப்பில் பழைய ஆரம்பப் பள்ளியிலேயே இருந்தவர்களையும், ஏழாம் வகுப்புக்காகப் பெரிய புதுப் பள்ளிக்குச் சென்றுவிட்டவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். வயது ஒன்றாயிருந்தும், இடம் மாறியவர்களிடமே கூச்சமும் தன்மதிப்புக் குறைவும் அதிகம் காணப்பட்டன. பின்னர் மில்வாக்கி நகரத்தில் சிம்மன்ஸும் டேல் பிளைத்தும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, பள்ளி மாற்றத்தால் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதும், பள்ளி மாற்றம், உடல் மாற்றம் முதலியவை ஒரே சமயத்தில் வந்து குவிந்தவர்களின் நிலையே மிக மோசம் என்பதும் புலனாயின. எல்லாமே ஒருங்கே மாறுகிறபோது, மாறாமல் நிற்கிற ஓர் இடமாவது பிள்ளைக்கு வேண்டும் என்பது சிம்மன்ஸின் கருத்து. ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளியை விட்டு வேறு பள்ளியின் ஆறாம் வகுப்பில் போய் உட்காருகிற நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைச் சற்று யோசிக்கலாம்.

ஆனால் இந்தப் பருவத்துப் பிள்ளைகள் வீட்டைவிட்டு விலகிப் போய்விடுகிறார்கள் அல்லவா, பெற்றோரால் என்ன ஆகும் என்று கேட்கப்படலாம். விலகுவது உண்மையே. சிக்காகோவின் புறநகர்களில் ரீட் லார்ஸனும் மேரிஸ் ரிச்சர்ட்ஸும் பிள்ளைகளிடம் பேஜர் கருவிகளைக் கொடுத்து, அவை ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும், எங்கே, யாரோடு, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை எழுதிவைக்கச் செய்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் குடும்பத்தோடு கழிக்கும் பங்கு பத்தாம் வயதில் 35 சதவீதமாக இருந்தது, பதினெட்டாம் வயதில் 14 சதவீதமாகக் குறைந்துபோயிற்று என்று 1996-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. ஆயினும் அதே கட்டுரையில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு செய்தியும் இருக்கிறது: குடும்பத்தார் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் சுருங்கியதே தவிர, தாயோடு தனித்தும் தந்தையோடு தனித்தும் பேசிக் கழிக்கிற நேரம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

பெற்றோரின் ஈடுபாடு என்பது எவ்வகையினதாய் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967-இல் அளித்த விடை, சுதந்திரமே அமிர்தம் என்று பேசப்பட்ட அக்காலத்தில் பலரைத் திடுக்கிடச் செய்தது. கனெக்டிகட் மாநிலத்தில் பத்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய தாய்மாரை அழைத்து நெடுநேரம் உரையாடி, வீட்டு நடைமுறைகளை அவர் கேட்டறிந்தார். (தகப்பன்மாரை ஏன் அவ்வாறு அழைக்கவில்லை என்று நாம் கேட்கலாம், பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாயிடமே கேட்பது என்ற வழக்கம் அந்த நாட்டிலும் அந்தக் காலத்தில் இருந்தது போலும்.) பையனின் உயரமும் அழகும் அவனுடைய தன்மதிப்போடு சம்பந்தப்பட்டவையாக இல்லை, குடும்பத்தின் செல்வமும்கூட நாம் நினைக்கும் அளவுக்குக் கணக்கில் வரவில்லை. உயர்ந்த தன்மதிப்புடைய பையன்களின் வீடுகளில், பிள்ளையை உள்ளபடியே ஏற்றுக்கொள்ளும் அன்பும், இன்னது கூடும் இன்னது கூடாது என்று தெளிவாக வகுக்கப்பட்டு, இடைவிடாமல் கடைப்பிடிக்கப்பட்ட விதிகளும், அவ்விதிகளின் எல்லைக்குள் பிள்ளையின் அபிப்பிராயத்துக்குக் கொடுக்கப்பட்ட மரியாதையும் ஒருங்கே காணப்பட்டன. விதிகள் தளர்ந்த வீடுகளில் தன்மதிப்பு குறைந்திருந்ததோடு, விதி மீறப்பட்டபோது கிடைத்த தண்டனையும் அங்கேதான் கடுமையாயிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட், அடக்கி ஆளும் பெற்றோரையும் விட்டுக்கொடுக்கும் பெற்றோரையும் காரணம் சொல்லி நடத்தும் பெற்றோரையும் பிரித்துக் காட்டியதும் இதையே ஒட்டியது. அது பாடப் புத்தகங்கள் தோறும் பேசப்படுவதாதலால் இங்கே விரிக்கவில்லை.

எல்லைகள் ஒருபுறம் இருக்க, அன்றாடம் மாலையில் நடக்கிற வீட்டுப்பாடத்துக்கு வருவோம். பெற்றோரின் ஈடுபாடு என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது இதைத்தான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 3/5-ஐயும் 1/4-ஐயும் கூட்ட வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவற்றை மேலோடும் கீழே உள்ளவற்றைக் கீழோடும் கூட்டி, 4/9 என்று எழுதிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த தகப்பனார், “இதுகூடத் தெரியலையா? கொடு இப்படி” என்று பென்சிலை வாங்கி, பகுதிகளைச் சமப்படுத்தி 17/20 என்று முடித்துக் கொடுத்துவிடலாம். விடை சரி, நோட்டில் ஆசிரியர் சரிக்குறியும் போடுவார். ஆனால் அந்தக் கணக்கைச் செய்தவர் அப்பா என்பது பையனுக்கு நன்றாகத் தெரியும். மாறாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏண்டா கண்ணா, அஞ்சுல மூணு, பாதிக்கு மேலயா கீழயா?” என்று கேட்டால், அவன் யோசித்து, “மேலப்பா” என்பான். “அதோட இன்னும் காலையும் சேர்த்தா, ஒன்பதுல நாலு வருமா?” ஒன்பதில் நான்கு பாதிக்கும் குறைவு என்பது மெல்ல அவனுக்கே உறைக்கும்போது, அவனே அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறான். பத்து நிமிஷம் அதிகமாகும், சாப்பாடு ஆறிப்போகும். ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் தன்னாற்றலில் நம்பிக்கை பிறக்கும் வழிகளைக் கூறியபோது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தையைக் காட்டிலும், பிறர் செய்வதைக் காண்பதைக் காட்டிலும், தானே முயன்று செய்து முடித்த அனுபவத்துக்கே முதலிடம் கொடுத்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நடுநிலைப் பள்ளி வகுப்புகளைப் பற்றிய 50 ஆராய்ச்சிகளைத் திரட்டி நான்சி ஹில், டயானா டைசன் என்போர் 2009-இல் மதிப்பிட்டபோது, பள்ளிக்குச் சென்று கலந்துகொள்வது, கல்வியின் பயனையும் எதிர்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவது முதலியவை தேர்ச்சியோடு ஒத்துச் சென்றன. அவற்றுள்ளும் பேசுவதே முதன்மையாய் நின்றது. வீட்டுப்பாடத்தில் உதவுவது ஒன்றே எதிர்த்திசையில் சென்றது. பின்தங்கிய பிள்ளைக்கே அதிக உதவி கிடைக்கும் என்பதால் உதவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவது சரியன்று. ஆனால் அதைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வதற்கும் இடமில்லை. வெண்டி கிரோல்னிக் என்பவர் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான 300 பிள்ளைகளிடம் நடத்தி, 1994-இல் தம் துணையாசிரியரோடு வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது: பெற்றோர் காட்டும் அக்கறை நேராக மதிப்பெண்ணாக மாறுவதில்லை, என்னால் முடியும், இது என் கையில் இருக்கிறது என்ற பிள்ளையின் எண்ணத்தின் வழியாகவே அது பெரும்பாலும் பயன் தருகிறது.

பாராட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தன்னம்பிக்கையை வளர்ப்பது என்றால் புகழ்வது என்று இக்காலத்துப் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருவப் புதிர்கள் சில கொடுக்கப்பட்டன. செய்து முடித்ததும், எல்லோரிடமும் நன்றாகச் செய்தாய் என்று கூறி, ஒரு சாராரிடம் “நீ கெட்டிக்காரனாய்த்தான் இருக்கவேண்டும்” என்றும், மற்றொரு சாராரிடம் “நீ நன்றாகப் பாடுபட்டிருக்கவேண்டும்” என்றும் ஒரு வாக்கியம் மட்டும் சேர்த்துச் சொல்லப்பட்டது. அடுத்து வந்த புதிர்கள் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டவை, எல்லோரும் தோற்றார்கள். மூன்றாம் தடவை மறுபடியும் எளியவை கொடுக்கப்பட்டபோது, கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள் முதல் தடவை செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். இறுதியில், வேறொரு பள்ளியில் உள்ள முகமறியாத பிள்ளைக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, தம் மதிப்பெண்ணையும் குறிப்பிடச் செய்தபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் முன்பின் அறியாத ஒருவர் சொன்னது, சாதாரணக் குழந்தைகளைப் பொய் சொல்ல வைக்கிறது என்றால், வீட்டில் நாள்தோறும் சொல்லப்படும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். இந்தக் கொள்கையைப் பள்ளிகளில் பாடமாக நடத்திப் பார்த்த பிற்காலத்துப் பெரிய முயற்சிகளில் கிடைத்த பயன் சிறிதே என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

எடி புருமல்மான் என்பவரும் அவருடைய சகாக்களும் நெதர்லாந்தில் செய்தது இதைவிட விசித்திரமானது. பிள்ளைகளுக்கு வான்கோவின் ரோஜா ஓவியமொன்றைக் காட்டி, அதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். வரைந்ததைத் தேர்ந்த ஓவியர் ஒருவர் மதிப்பிட்டதாகச் சொல்லி, சிலருக்கு “அழகான ஓவியம்” என்றும், சிலருக்கு “நம்பமுடியாத அளவுக்கு அழகான ஓவியம்” என்றும் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். பிறகு எளிய படங்களையும் கடினமான படங்களையும் வைத்து, விரும்பியதை வரையலாம் என்றபோது, தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளில் மிகைப் புகழ்ச்சி பெற்றவர்கள் எளியவற்றையே தேடி எடுத்தார்கள். அவ்வளவு உயரத்தில் ஏற்றி வைக்கப்பட்டபின் மறுபடியும் அங்கே ஏற முடியாமற்போனால் என்ன செய்வது என்ற அச்சமே அதற்குக் காரணமாகலாம். வருந்தத்தக்க விஷயம் என்னவென்றால், அதே ஆராய்ச்சியின் மற்றொரு பகுதியில், தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளுக்குத்தான் பெற்றோர் இந்த மிகைப் புகழ்ச்சியை அதிகமாக வழங்கினார்கள் என்பதும் தெரிந்தது. வாடிய பிள்ளையைத் தேற்றவேண்டும் என்ற நல்லெண்ணமே அவர்களைத் தூண்டியிருக்கும்.

வாயால் சொல்லாதவையும் பிள்ளையைச் சென்றடைகின்றன. ஜாக்குலின் எக்கிள்ஸ் முதலியோர் 1982-இல், ஐந்தாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கணிதத்தைப் பற்றி விசாரித்தபோது, ஆண்பிள்ளையின் பெற்றோரைக் காட்டிலும் பெண்பிள்ளையின் பெற்றோர், கணக்கில் தேற எங்கள் பிள்ளை அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது என்று நம்பினார்கள். தன் கணிதத் திறமையைப் பற்றிப் பிள்ளை கொண்டிருந்த எண்ணமோ, அதுவரை தான் உண்மையாக வாங்கிய மதிப்பெண்களை ஒட்டியதைவிட, தாய்தந்தையர் கொண்டிருந்த அபிப்பிராயத்தையே நெருங்கி ஒட்டியிருந்தது. பள்ளியில் மதிப்பெண்ணாக வந்த நேரடிச் சான்றை வீட்டு அபிப்பிராயம் வென்றுவிடுகிற இந்த இடத்தில்தான் பெற்றோரின் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பது பிரத்தியட்சமாகிறது.

இவையெல்லாம் மேல்நாட்டார் கதை, நம் கீழ்த்திசைக் குடும்பங்களின் இயல்பு வேறு, இங்கே கண்டிப்பும் அன்பின் ஒரு வடிவமே என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கூற்றை முற்றிலும் தள்ளிவிட முடியாது. கியான் வாங், ஈவா பொமரான்ட்ஸ் முதலியோர் அமெரிக்காவிலும் சீனாவிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 800 பேரை ஆறு மாத இடைவெளியில் இரு தடவை விசாரித்து, 2007-இல் வெளியிட்ட முடிவுகளில், பிள்ளையைத் தன் விருப்பப்படி முடிவுசெய்ய விடுவதால் விளையும் நன்மை சில வகைகளில் அமெரிக்காவில் மிகுதியாகவும் சீனாவில் குறைவாகவும் காணப்பட்டது மெய்யே. ஆனால் அவர்கள் இருவகைக் கட்டுப்பாடுகளைப் பிரித்துக்கொண்டார்கள். எத்தனை மணிக்கு வீடு திரும்பவேண்டும், வெளியே போவதானால் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பன போன்றவை ஒரு வகை. அவற்றால் இரு நாடுகளிலும் படிப்புக்கு நன்மையே விளைந்தது. குற்றவுணர்ச்சியை ஏற்படுத்துவதும், அன்பைப் பறித்துக்கொள்வதாகக் காட்டுவதும் மற்றொரு வகை. “உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா?” என்று தொடங்கி, பாதியில் எழுந்து போய்விடுகிற அம்மாவின் பேச்சும், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத அப்பாவின் மௌனமும் இதைச் சேர்ந்தவை. இந்த வகையைச் சீனப் பிள்ளைகள் பழக்கத்தால் தாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் இரு நாடுகளிலுமே அப்பிள்ளைகளின் மனநிலை தாழ்ந்திருந்தது.